எதிர்வீட்டு இசைத்தட்டு

மாமல்லபுரத்தில் பழைய இசைத்தட்டுகளைச் சுத்தம் செய்து தரும் கடை என்னுடையது. எதிர்வீட்டு ஜெயப்பிரியா ஒரு தட்டோடு வந்தாள். உதடு கிழிந்திருந்தது.

"படியில விழுந்துட்டேண்ணா" என்றாள், நான் கேட்காமலே. "இந்த ரெண்டு மிஷினுக்கும் இன்னா வித்தியாசம்?"

"இது பிரஷ்ல தேச்சு, அழுக்குத் தண்ணிய உறிஞ்சிடும். அது தண்ணிய அதிர வெச்சு, கோட்டுக்குள்ள ஒட்டிகினு கீற கடல் உப்பக்கூட உதறிடும். ஆனா சூடு அதிகமானா தட்டு லேசா நெளிஞ்சிடும். பார்த்தா தெரியாது, ஊசி எகிறிடும்."

"அதுலயே போடுங்க. சூட்ட நல்லா ஏத்துங்க."

"இன்னாம்மா பேசுற? எவ்ளோ நல்ல பாட்டு இது! உன் வூட்டுக்காரரு என்ன வெட்டிப் போட்டுடுவாரு."

"ஏத்துங்கண்ணா!" என்று கத்தினாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. உன் பொருள், உன் இஷ்டம் என்று ஏற்றிவிட்டேன்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு வூட்ல இருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆறு மணிக்கு எதிர்வீட்டில் வழக்கம்போல அந்தப் பாட்டு தெருவே அதிர ஆரம்பித்தது. பல்லவி முடிவதற்குள் ஊசி எகிறி, பாட்டு நின்றது.

அதுவரை பாட்டில் அமுங்கியிருந்த பெல்ட் விளாசும் சத்தம் மட்டும் நிற்கவில்லை. "ஐயோ, வுட்ருங்க!" என்று ஜெயப்பிரியா அலறினாள்.

கடப்பாரையால் கதவை உடைத்தேன். அவள் புருஷனைத் தெருவுக்கு இழுத்துவந்து, மூக்கு உடைந்து ரத்தம் கொட்டும்வரை மிதித்தேன். அப்போதும் வெறி அடங்கவில்லை.

மூன்று வருஷமாக அந்தப் பாட்டைக் கேட்பதற்கென்றே ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்து வைத்தவன் நான்.