அன்னம் பொறித்த இடது கிராங்க்

நோலீனின் முதுகில் அட்டை தொங்கியது: 'தேவை: சைக்கிளுக்கு இடது கிராங்க், அன்னம் பொறித்தது.'

பெண்டிகோ ஊர்த் திடலின் பழம்பொருள் சந்தையில் அப்படி அட்டை மாட்டித் திரிகிறவர்கள் நிறையப் பேர். அங்கே யாரும் முகத்தைப் பார்த்துக் கூப்பிடுவதில்லை. முதுகைப் படித்துவிட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

அப்போதுதான் விடிந்திருந்தது. புல்லெல்லாம் ஈரம். தார்ப்பாய்களில் துருப்பிடித்த செயின்கள், ஜோடி தொலைத்த மட்கார்டுகள், கண்ணாடி போன டைனமோ விளக்குகள். எங்கோ சாசேஜோடு வெங்காயம் வதங்கும் வாசனை.

"நான் போய் டீ வாங்கிட்டு வரேன்," என்றார் கிளாரி, அவள் கணவர்.

"போன வருஷம் மாதிரி மத்தியானம் ஆக்கிடாதே."

"நான் என்ன பண்றது? கியூ ரொம்ப நீளம்."

வருஷா வருஷம் இதே கதைதான். காரை ஓட்டிக்கொண்டு வருவார், துருவைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார், டீ வாங்கப் போய்க் காணாமல் போய்விடுவார். திரும்பும்போது இரண்டு கையிலும் டீ இருக்கும். சர்க்கரை போடாதது நோலீனுக்கு. மாறிவிடக் கூடாதென்று அதன் மூடியில் நகத்தால் ஒரு கோடு கீறியிருப்பார்.

சைக்கிள் அவள் அப்பாவுடையது. பந்தயங்களில் ஓட்டியது. அது ஒருமுறை பழைய இரும்புக் கடைக்குப் போனதில், சட்டமும் வலது பெடலைத் தாங்கும் கிராங்கும்தான் மிஞ்சி வந்தன. மற்றதையெல்லாம் அவள் இந்தத் திடலில்தான் பொறுக்கிச் சேர்த்தாள். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளைப் பிரஷால் தேய்த்து, ஒவ்வொன்றாக மாட்டினாள். சீட்டின் தோலுக்கு ஒரு குளிர்காலம் முழுக்க எண்ணெய் தடவினாள்.

மிச்சம் இருந்தது இடது கிராங்க் மட்டும்.

வேறு எதையாவது மாட்டினாலும் சைக்கிள் ஓடும். அப்படி மாட்டுகிறவர்களை இந்தக் கூட்டத்தில் யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். சைக்கிளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மழை வருமா என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். அதைத்தான் நோலீனால் தாங்க முடியாது.

இந்த வருஷம் முழங்கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. இதோடு போதும், இனி வருவதற்கில்லை என்று நினைத்துக்கொண்டே கடைசி வரிசைக்குத் திரும்பினாள்.

அங்கே ஒரு போர்வையின் மேல் கிடந்தது.

அவள் குனிந்து எடுத்தாள். சின்னஞ்சிறு அன்னம், இடப்பக்கம் பார்த்தபடி. வீட்டிலிருப்பது வலப்பக்கம் பார்க்கும். பெடல் மாட்டும் துளைக்குள் விரலை விட்டுத் தடவினாள். தலைகீழ் மரை. சந்தேகமே இல்லை, இடதுதான்.

"ஐயோ, அது வித்ததும்மா!" கடையிலிருந்த பெண் பதறினாள். பழைய வியாபாரி பாஸ்கோவின் மகள். "போர்வைக்கு அடியில வைன்னு அப்பா படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. இடுப்பு வலின்னு இந்த வருஷம் அவரு வரல. இடம் வேற மாத்திட்டாங்க. நான் அவசரத்துல எல்லாத்தையும் எடுத்துப் பரப்பிட்டேன்."

"யாரு வாங்கினது?"

"பேரு தெரியல. யாரோ ஒரு பெரியவர். வாங்கி ஏழெட்டு வருஷம் ஆச்சாம், எடுத்துட்டே போகமாட்டேங்கறாராம். வருஷா வருஷம் வந்து 'பத்திரமா இருக்கா? அடுத்த வருஷம் வரைக்கும் வச்சிரு'ன்னு சொல்லிட்டுப் போறாராம்." பெண் சிரித்தாள். "பாவம், தொட்டுக்கூடப் பாக்க முடியாதாம். ரெண்டு கையிலயும் டீயாம்."

கிராங்க் நோலீனின் கையில் ஐஸாகக் குளிர்ந்தது.

ஏழெட்டு வருஷம்! எத்தனை தார்ப்பாய்கள் முன்னால் குனிந்திருப்பாள், எத்தனை பேரிடம் கேட்டிருப்பாள். உச்சந்தலை வரை கோபம் ஏறியது. ஏறிய கோபம் அங்கேயே திகைத்து நின்றது.

தன் விரல் பதிந்த இடத்தைச் சட்டைக் கையால் துடைத்தாள். கிராங்கைத் தானே போர்வைக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

கார் பக்கத்தில், மடக்கு நாற்காலியில் கிளாரி உட்கார்ந்திருந்தார். கிரிக்கெட் நடக்கிற நேரம், ரேடியோவைத் திருப்பக்கூட இல்லை. ஷூ முழுக்க ஈரப்புல். திடலையே சுற்றி வந்திருக்கிறார். அவர் நீட்டிய டீ ஆறிப்போயிருந்தது.

"கெடைச்சுதா?" என்றார். கண் அவள் பையின் மேல் இருந்தது.

படகு நிறுத்த ஷெட்டில் இடம் வேண்டுமென்று, அவளைக் கேட்காமலே அந்தச் சைக்கிளை இரும்புக்காரனின் வண்டியில் ஏற்றிவிட்டவர் அவர்தான். அன்று இரும்புக் கடை வாசலில், சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஊரே திரும்பிப் பார்க்க அவள் கத்தினாள்: "இது மறுபடி ஓடுற அன்னிக்கு, இதுலயே ஏறி உன்னை விட்டுட்டுப் போயிடுவேன், பாத்துக்க!"

சொன்னதை அந்த வாரமே அவள் மறந்துவிட்டாள். இன்று அந்தப் போர்வை முன்னால் நின்றபோதுதான் நினைவுக்கு வந்தது.

"கெடைக்கல," என்றாள் நோலீன். ஆறிய டீயை ஒரு வாய் குடித்தாள். "அடுத்த வருஷம் டீ வாங்க நானும் கூட வரேன்."

கிளாரி தன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கியூ ரொம்ப நீளம், நோலீன்."

"இருக்கட்டும். சேர்ந்தே நிப்போம்."