மூன்று புள்ளி ஒன்று இரண்டு எட்டு

திரையில் 3.128 என்று வந்தது.

சூடு பட்டதுபோல அவள் கையை எடுத்துவிட்டாள்.

மூன்று வருடம் இயற்பியல் படித்திருக்கிறாள். ஒரு கணினி அவளுக்குப் பதில் சொல்வது இதுதான் முதல் தடவை.

லேப்பில் ஆறு பேருக்கு ஒரு கணினி. ஒருத்தி தட்டுவாள், ஐந்து பேர் பார்ப்பார்கள். பிழை காட்டும். திருத்துவதற்குள் மணி அடித்துவிடும். பிறகென்ன, சீனியர் அக்காவின் ரெக்கார்டை வாங்கி, அதிலுள்ள விடையைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான். அந்த அக்கா அவளுடைய சீனியரைப் பார்த்து எழுதியிருப்பாள். மிஸ் கையெழுத்துப் போடுவார்.

இன்று செய்முறைத் தேர்வு. அதனால் துணி போட்டு மூடிவைத்திருந்தவற்றையும் திறந்து ஆளுக்கொரு கணினி.

சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு வந்தது, பை என்ற எண்ணின் மதிப்பைக் கண்டுபிடிப்பது.

ஒரு சதுரம். அதன் நான்கு பக்கங்களையும் தொட்டபடி உள்ளே ஒரு வட்டம். கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் புள்ளிகளை எறி. வட்டத்துக்குள் விழுந்ததை மட்டும் எண்ணு. நான்கால் பெருக்கு. ஆயிரத்தால் வகு.

பை வந்துவிடுமாம்.

மனப்பாடம் செய்தபோது அது வெறும் பாடம். இப்போது அவள் முன்னால் வந்து நின்றது.

மறுபடி ஓட்டினாள்.

3.164.

மறுபடி.

3.140.

முழங்கை வரை சிலிர்த்தது.

அவள் தட்டிய வரிகளில் எங்கும் மூன்றும் இல்லை, பதினான்கும் இல்லை. யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. குருட்டாம்போக்கில் விழுந்த புள்ளிகள். எது எங்கே விழும் என்று எதற்குமே தெரியாது. எல்லாம் விழுந்து முடித்தபின் பார்த்தால், அந்த எண். சோற்றுத்தட்டிலும் வளையலிலும் வாளியின் வாயிலும் இருக்கிற அதே எண்.

இந்தப் பெட்டிக்கு அவள் யார் என்று தெரியாது. எந்தத் தெரு என்று கேட்கவில்லை. அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்கவில்லை. தமிழ் மீடியமா என்று இழுக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னது.

அதைக்கூட இந்தக் கட்டடத்தில் யாரும் அவளுக்குச் செய்ததில்லை.

பக்கத்துக் கணினியிலிருந்து ஷர்மிளா பேகம் எட்டிப் பார்த்தாள்.

"லூசு, 3.142857டி. ரெக்கார்டுல அதான இருக்கு."

"மெஷின்ல அது வரலடி."

"மெஷினா வந்து உனக்கு மார்க் போடப்போகுது?"

3.142857. இருபத்திரண்டை ஏழால் வகுத்தால் வருவது. எந்தக் காலத்திலோ ஒருத்தி, ஓட்டிப் பார்க்காமலே, பள்ளிக்கூடத்தில் படித்ததை விடையாக எழுதிவைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு வந்த அத்தனை பேரும் அதையே எழுதியிருக்கிறார்கள்.

அவளும்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் இது இங்கேயே இருந்திருக்கிறது. துணி போட்டு மூடி.

விடைக்குப் பத்து மதிப்பெண். வாய் அதிகம் என்று இன்டர்னலில் மிஸ் ஏற்கெனவே குறைத்துவிட்டார். இந்தப் பத்தும் போனால் அரியர். அரியர் விழுந்தால் எம்.எஸ்சி. சீட் இல்லை. சீட் இல்லையென்றால் அத்தை மகன் இருக்கிறான். ஜே.சி.பி. ஓட்டுகிறான். நல்ல பையனாம். ஆவணியில் முகூர்த்தமாம்.

அவள் விடைத்தாளில் 3.128 என்று எழுதினாள்.

அதன் கீழே 3.164.

அதற்கும் கீழே 3.140.

வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வு நடத்த வந்திருந்தவர் விடைத்தாளையும் ரெக்கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, மூணு ஆன்சர் எழுதியிருக்க? ரெக்கார்டுல வேற இருக்கு?"

மிஸ் அவசரமாக வந்து குனிந்தார்.

"அடிச்சிட்டு ஒழுங்கா எழுது. சாருக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ரெக்கார்டுல இருக்கிறதுதான் மிஸ் தப்பு."

"அதுல என் கையெழுத்து இருக்கு."

"இருக்கு மிஸ். கையெழுத்து மட்டும்தான் இருக்கு."

ஷர்மிளா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அவள் வந்தவர் பக்கம் திரும்பினாள்.

"ஆயிரத்தால வகுக்கிறோம் சார். புள்ளிக்கு அப்புறம் மூணு எண்ணுக்கு மேல வரவே வராது. இதுல ஆறு இருக்கு."

அவர் ரெக்கார்டைக் கண்ணுக்கருகே கொண்டுபோனார். விரல் வைத்து எண்ணினார்.

ஆறு.

சிவப்புப் பேனா மதிப்பெண் கட்டத்தின் மேல் நின்றது.

"எங்க, ஓட்டு பாப்போம்."

ஓட்டினாள்.

3.112.

"தள்ளிப் போகுதேம்மா."

 அவள் ஆயிரத்துக்குப் பின்னால் மூன்று சைபர் சேர்த்தாள். பத்து லட்சம் புள்ளிகள்.

திரை கறுப்பாக நின்றது. மின்விசிறிச் சத்தம் மட்டும். உள்ளே எங்கோ புள்ளிகள் விழுந்துகொண்டிருந்தன. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், மழைபோல.

3.141388.

"எறிய எறிய கிட்ட வருது சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பேனாவை மூடாமலே சட்டைப்பையில் செருகினார். வெள்ளைச் சட்டையில் சிவப்பு ஊறத் தொடங்கியது. கவனிக்கவில்லை.

திரைக்கருகே குனிந்தார். வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"இது... நெசமாவே வருமா?"

"சார், பஸ்ஸு" என்றார் மிஸ்.

அவள் எழுந்தாள். நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்க அமுக்குங்க சார்."