ஒற்றைக்கால்

விளையாட்டு விழா மனிதப் பிரமிடில் குண்டுப் பிள்ளைகள்தான் அடியில் கையூன்றி மண்டியிட வேண்டும். அதிலும் நடுவில் நான். என் முதுகில் இருவர் ஆளுக்கொரு முழங்காலை ஊன்றியிருந்தார்கள். அவர்கள் முதுகின் மேல், கையில் கொடியோடு சஹானா. வருஷத் தொடக்கத்தில், உடல்திறன் சோதனை என்று கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னபோது நான் தடுமாறி விழுந்தேன். விழுந்ததோடு அது முடிந்திருக்கும். சஹானா விடவில்லை. கன்னத்தை உப்பிக்கொண்டு, கைகளைப் படபடவென்று அடித்து, நான் விழுந்த மாதிரியே விழுந்து காட்டினாள். பஸ்ஸில், கேன்டீனில், நான் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம். வருஷம் முழுக்கச் சிரித்தார்கள். பி.டி. மிஸ்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இப்போது போட்டோகிராபர், “அப்படியே இருங்கம்மா, அசையாதீங்க” என்று லென்ஸை மாற்றிக்கொண்டிருந்தார். சஹானா ஒரு காலைப் பின்னால் தூக்கிக் கொடியை உயர்த்தினாள். மைதானமே கைதட்டியது. ஊன்றிய காலின் நடுக்கம் இரண்டு முதுகுகளைத் தாண்டி என் எலும்புக்கு வந்து சேர்ந்தது.

“ஏய், கீழ யாருடி ஆட்டுறது?” கேமராவுக்குச் சிரிக்கும் குரலிலேயே கேட்டாள்.

நான் பாறை மாதிரி இருந்தேன். “நான் இன்னும் ஆட்டவே இல்லடி” என்றேன்.

மேலேயிருந்து மிகச் சின்னதாக, “ப்ளீஸ்டி” என்று கேட்டது.

“கண்ண மூடிக்க” என்று சொல்லிவிட்டு, வலது உள்ளங்கையைத் தரையிலிருந்து மெல்ல எடுத்தேன்.