கொண்டச்சிச் சேறு

“அசையாதையும்!” என்று கத்தினேன்.

படம் எடுக்கப்பட இருந்தவர் செத்துப் பல இலட்சம் வருடங்கள். அசைந்தது, அடுத்த அறையில் நடந்துபோன என் மனைவி அன்ரோனெற்.

நுணுக்குக்காட்டியின் தலையில் பிலிம் கமெராவைக் கட்டியிருந்தேன். யாராவது கால் வைத்தாலே படம் கலங்கிவிடும். கீழே கண்ணாடித் துண்டில், ஒரு காலத்தில் கடலில் வாழ்ந்த நுண்பாசியின் ஓடு, ஊசியால் துளையிட்ட சின்னத் தட்டு மாதிரிக் கிடந்தது. கொண்டச்சிக் கரையில் நான் தோண்டி வந்த சேற்றில் அப்படி ஏராளம்.

முதல் கிழமை மண்ணைத் தவிர ஒரு மண்ணும் தெரியவில்லை. கண்ணாடித் துண்டெல்லாம் அழுக்கென்று அன்ரோனெற்றோடு சண்டை பிடித்தேன். அதற்குப் பிறகுதான் மாதா கண் திறந்தாள்.

பென்சன் எடுக்கும்வரை பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டம் ‘சேற்று மாஸ்டர்’. இனி ஒரு புதைபடிவத்துக்கே என் பெயர் வரும் என்று எங்கள் ஊர் தோட்டவெளி முழுக்க நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன்.

பக்கத்து வீட்டுச் சந்தியோகு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“லோறன்ஸ் மாஸ்டர், இதைத் தின்னலாமோ?”

“தின்னேலாது. வெளிநாட்டில இதைத் தோண்டித்தான் வெள்ளிச் சாமான் மினுக்கிற தூள் செய்யிறாங்கள். கொண்டச்சியில பக்ரறியே வரும், பாரும்.”

“அப்ப எனக்கொரு காவல்காரன் வேலை தாங்கோ.”

கொடுத்துவிட்டேன்.

நான் அனுப்பிய படங்களைக் கண்டு கொழும்பிலிருந்து பேராசிரியர் பரமநாதன் வீட்டுக்கே வந்துவிட்டார். என் கண்ணாடித் துண்டைப் பார்த்ததும் கதிரையை விட்டு எழும்பினார்.

“புதைபடிவந்தான், மாஸ்டர். சந்தேகமே இல்லை!”

என் தலை கூரையில் முட்டியது.

பிறகு தான் கொண்டுவந்த புதுக் கண்ணாடித் துண்டில் அதே சேற்றைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இன்னொன்றில் தடவினார். அதிலும் இல்லை.

“உங்கட கைராசி எனக்கில்லைப் போல” என்றார் வாடிப்போய்.

“பழகப் பழக வரும், சேர்” என்று தேற்றினேன். பேராசிரியருக்கே ஆறுதல் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரே பெருமை.

தேத்தண்ணியோடு வந்த அன்ரோனெற்றுக்கும் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“சேர், உங்கட கண்ணாடித் துண்டு மங்கலாக் கிடக்கு. இவற்ர துண்டுகள் மாதிரி, கோயில் வெள்ளிச் சாமான் மினுக்கிற தூளைப் போட்டுத் தேய்ச்சுத் தரட்டே?”