ஆர்டிஸின் மறதி

"எங்கே, கொஞ்சம் சிரிடி கண்ணு... ஆங், அப்படியே இரு. அசையக் கூடாது" என்று பொம்மையைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள் ஆர்டிஸ். எழுபத்து மூன்று வயதில் புல்தரையில் குப்புறப் படுத்து, கேமராவைக் கண்ணோடு ஒட்டிவைத்திருந்தாள்.

வெள்ளை அட்டையைப் பிடித்து, பொம்மையின் முகத்துக்கு வெயிலைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்த ஓர்வில் பெருமூச்சு விட்டார். ஐம்பது வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவள் இப்போது பொம்மையோடு பேசுகிறாள்.

ஆர்டிஸுக்கு மறதி முற்றிக்கொண்டு வருகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சமையலறையில் திரும்பின பக்கமெல்லாம் மஞ்சள் சீட்டு. 'அடுப்பை அணைக்கவும்.' 'மாத்திரை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு.' 'பின்கதவைப் பூட்டவும்.' எல்லாம் அவளுடைய குண்டுக் கையெழுத்து.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் அந்தச் சின்ன ஊர்க்காரர்களின் பிறந்த நாள், கல்யாண நாள் அத்தனையும் விரல் நுனியில் வைத்திருந்தவள். அவள் தனக்குத்தானே சீட்டு எழுதி ஒட்டிக்கொள்ளும்படி ஆகிவிட்டதே என்று அடிக்கடி நினைத்துக்கொள்வார். அந்தச் சீட்டுகளைப் பற்றி இதுவரை அவர் வாயே திறந்ததில்லை. அவள் மனசு நோகக் கூடாது.

"ஓர்வில், அவனக் கொண்டாங்க. வெயில் இப்ப சரியா விழுது."

ஓர்வில் வலைக்கூண்டுக்குள் விரலை நீட்டினார். காலையில் கூட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த மோனார்க் பட்டாம்பூச்சி, இறக்கை காய்ந்து தயாராக இருந்தது. நாற்பது வருஷம் மாடு கறந்த விரலில் நிதானமாக ஏறி உட்கார்ந்தது. அதைப் பொம்மையின் வைக்கோல் தொப்பியில் பக்குவமாக இறக்கி வைத்தார்.

"ஆமா, இது ஆணா, பொண்ணா?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

ஓர்விலுக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாக எருக்கு இனச் செடி வைத்து, இலைக்கு அடியில் முட்டை தேடி, புழு வளர்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் மோனார்க் பாடம் எடுத்தவள். இப்போது தினமும் காலையில் இதே கேள்வி.

"பின் இறக்கையப் பாரு. ரெண்டுலயும் ஒவ்வொரு கறுப்புப் பொட்டு இருக்கா? அப்ப ஆண்" என்றார், முதல் தடவை சொல்வதுபோல.

"அட, ஆமா! உங்களுக்கு எப்படித்தான் இதெல்லாம் ஞாபகம் இருக்கோ!"

"ரெண்டு பேருமே உன்ன மாதிரி இருந்தா, இந்த வீடு என்னத்துக்கு ஆகும்?"

ஆர்டிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்ததில் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. முழங்கையால் துடைத்துவிட்டு மறுபடியும் கேமராவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் கர்ட் மில்வாக்கியிலிருந்து வந்திருந்தான். கொட்டகைக்குப் பின்னால் நின்று பெண்டாட்டியோடு அவன் செல்போனில் பேசியது ஓர்வில் காதில் விழுந்துவிட்டது. "இனிமே வீட்ல வெச்சுப் பாக்க முடியாது. முதியோர் ஹோம்ல ஒரு இடம் காலியா இருக்காம். செவ்வாய்க்கிழமை முடிவு சொல்லணும்."

அன்றிலிருந்து அவருக்கு ஒரு வாய் இறங்கவில்லை. யாரோ எழுப்பி, யாரோ குளிப்பாட்டி, புழுவும் பூவும் இல்லாத ஒரு அறையில் ஆர்டிஸ் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டாள். ஏதோ கவனத்தில் விட்டுப்போகக் கூடாதென்று துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார்: 'செவ்வாய். கர்ட். சம்மதிக்காதே.'

சமையலறையில் போன் அடித்தது. ஓர்வில் அட்டையைப் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போய், ஆர்டிஸ் வருவதற்குள் எடுத்துவிட்டார்.

"கர்ட்டா? அம்மா நல்லா இருக்கா. அடுப்பெல்லாம் ஒழுங்கா அணைக்கிறா. நான்தான் கூடவே இருந்து பாத்துக்கறேனே!"

"அப்பா, நான் என்ன சொல்றேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். என் கண்ணு மூடுற வரைக்கும் அவ இந்த வீட்டை விட்டு எங்கயும் போக மாட்டா." அதுவரை விறைப்பாக இருந்த குரல் உடைந்துவிட்டது. "அவ இல்லாம இந்த வீட்ல எனக்கு என்னடா இருக்கு?"



"சரிப்பா" என்றான் கர்ட். "அம்மாகிட்ட குடுங்க."

தலைமுடியில் ஒட்டிய புல்லோடு ஆர்டிஸ் வந்து நின்றாள். போனை வாங்கிக்கொண்டு, "நீங்க போய் அவன் பறந்துடாமப் பாத்துக்கங்க. இன்னும் ரெண்டு படம் பாக்கி இருக்கு. உங்கள விட்டா எனக்கு வேற யாரு?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் ஓர்விலின் முதுகு நிமிர்ந்தது. மகன் என்ன சொன்னாலும் அவள் தலையாட்டிவிடுவாளோ என்ற பயம் மட்டும் போகவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார்.

ஜன்னல் வழியே ஆர்டிஸ் பார்த்தாள். பொம்மைக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து, தொப்பியில் இருந்த பட்டாம்பூச்சிக்குக் காற்று படாமல் இரண்டு கையாலும் அணைகட்டிக்கொண்டிருந்தார் ஓர்வில்.

"அவங்க இன்னிக்கே பதில் சொல்லணுங்கறாங்கம்மா. நான் என்னன்னு சொல்லட்டும்?" என்றான் கர்ட்.

ஆர்டிஸ் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வர மாட்டாருன்னு சொல்லுடா. எனக்குத்தான் மறதி, என்னைப் பாத்துக்கணும்னு நெனச்சுத்தான் உங்கப்பா தினம் காலைல எந்திரிக்கிறாரு."