உருவிய கயிறு

கேன்யனிங்குக்குப் புதிதாக வந்த தினகரின் இடுப்புப் பட்டையை வழிகாட்டி தெய்வானை இழுத்துப் பார்த்தாள்.

"கயித்தப் பிடிச்சு அருவி அருவியா இறங்கணும் சார். இறங்கினதும் கயித்த உருவிடுவோம். திரும்ப மேல ஏற முடியாது."

அவன் சிரித்தான். அவன் வழக்கு நடந்தபோது கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

முதல் அருவியின் அடியில் இருவரும் நனைந்து நின்றபோது அவள் கயிற்றின் ஒரு நுனியை இழுத்தாள். மொத்தமும் சரிந்து தண்ணீரில் விழுந்தது. நிதானமாகச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுல என் தம்பிய இடிச்சீங்களே, வண்டிய ஏன் சார் நிறுத்தல? ரெண்டு மணி நேரம் உசிரு இருந்துச்சு அவனுக்கு."

அவன் வழுக்குப் பாறையை அண்ணாந்து பார்த்தான்.

"அவசரமில்ல, யோசிச்சே சொல்லுங்க. இன்னும் ஆறு அருவி இருக்கு. முடிச்செல்லாம் நான்தான் போடணும்."