ஞாயிற்றுக்கிழமைப் பயணம்

ஏரிக்கரையில் இருந்த தன் ஷெட்டுக்குப் பின்னால் பல வருஷமாகக் கவிழ்ந்து கிடந்த அலுமினியப் படகை கிளாட்வின் நிமிர்த்தி, ஓட்டைகளை அடைத்து, பெயின்ட் அடித்தான். அதன் பழைய மோட்டாரையும் பிரித்துத் துடைத்து மாட்டினான். ஞாயிறுதோறும் மோட்டாரை மட்டும் கழற்றி, தண்ணீர் நிறைந்த டிரம்மில் மாட்டி ஓட்டிப் பார்ப்பான். "சத்தம் இன்னும் சரியில்ல" என்று மறுபடியும் பிரிப்பான். படகு ஏரியைப் பார்த்தபடியே கிடந்தது. புதுப் பெயின்ட்டும் உரியத் தொடங்கிவிட்டது.

ஒரு ஞாயிறு சாயங்காலம் மோட்டார் மூச்சு வாங்கியபடி சொன்னது: "இன்னைக்கு ரொம்ப தூரம் போயிட்டேன்ப்பா. உடம்பெல்லாம் வலிக்குது."

படகு டிரம்மைப் பார்த்தது. உண்மையைச் சொல்ல அதற்கு மனசு வரவில்லை.

"கரை தெரிஞ்சுதா?" என்று கேட்டது.

"தெரியாம என்ன? எந்தப் பக்கம் பார்த்தாலும் கரைதான்."

"அப்ப கிட்ட வந்துட்ட" என்றது படகு, அலுப்போடு. "தூங்கு. அடுத்த ஞாயிறும் போகணும்ல."